போதுமான படம்

சீ.ரி. ஸ்கேன் எடுத்து முடிந்ததும், எலும்பையும் மூளையையும் காட்டும் படங்களின் கடைசியில், படமே இல்லாத ஒரு பக்கத்தையும் இயந்திரம் தானாக எழுதி வைக்கிறது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நாலைந்து வரிகள். முதல் வரி, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று பார்க்க எடுத்த முன்னோட்டப் படத்துக்கு உரியது. அடுத்து வருபவை உண்மையான ஸ்கேனுக்கு. எக்ஸ் கதிர்க் குழாய்க்குக் கொடுத்த கிலோவோல்ட், மில்லிஆம்பியர், பிறகு இரண்டு எண்கள். ஒன்று சீ.ரி.டி.ஐ., மில்லிகிரேயில். மற்றது டி.எல்.பி., முதல் எண்ணை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கி வருவது. வரியின் கடைசியில் 16 அல்லது 32 சென்ரிமீற்றர் என்று ஒரு சின்னக் குறிப்பு. இயந்திரம் எவ்வளவு கதிர்வீச்சைச் செலவழித்தது என்பதற்கான கணக்கு இது.

பெற்றோர் கைக்கு பிலிம் வரும், அறிக்கை வரும், சில இடங்களில் சீ.டி. வட்டும் வரும். இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கியவரை நான் இன்னும் பார்க்கவில்லை. குழந்தைகளின் விஷயத்தில் அதைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது.

திருகோணமலையிலிருந்து வடக்கே புல்மோட்டை போகும் வீதியில், நிலாவெளியைத் தாண்டியதும் களப்பும் பாலமுமாக வருவது இறக்கக்கண்டி. அங்கே ஒரு பிள்ளை மாமரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால், முச்சக்கர வண்டியோ வேனோ பிடித்துத் திருகோணமலைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடவேண்டும். சிறுவர்களுக்கென்றே உள்ள விசேட வைத்தியசாலைகள் இன்னும் தூரம்: பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை, கொழும்பில் சீமாட்டி ரிட்ஜ்வே. ஸ்கேன் அறை வாசலில் தகப்பன் கேட்கும் கேள்வி எங்கும் ஒன்றுதான்: "டொக்டர், வடிவாத் தெரியுமோ?" தெரியும். எவ்வளவு வடிவாகத் தெரிய வேண்டும் என்பதில்தான் சிக்கல்.

எக்ஸ் கதிர் என்பது ஒளியைப் போலவே துகள் துகளாக வருவது. ஃபோட்டான் என்று பெயர். உடம்பைத் துளைத்து மறுபக்கம் வரும் ஃபோட்டான்களை எண்ணித்தான் சீ.ரி. இயந்திரம் படம் கட்டுகிறது. காய்ந்த முற்றத்தில் மழை தொடங்குவதை நினைத்துப் பாருங்கள். முதல் துளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும். ஒரு சாண் இடத்தில் ஐந்து, பக்கத்துச் சாணில் ஒன்று. மழை வலுக்க வலுக்க அந்த வித்தியாசம் கரைந்து முற்றம் ஒரே சீராக நனையும். ஃபோட்டான்கள் குறைவாக இருந்தால் படமும் அப்படித்தான் புள்ளி புள்ளியாகத் தெரியும். இதை இரைச்சல் என்கிறார்கள். இதைக் குறைக்கக் கொடுக்க வேண்டிய விலை நேர்க்கோட்டில் ஏறுவதில்லை. இரைச்சலைப் பாதியாக்க வேண்டுமென்றால் கதிர்வீச்சு இரண்டு மடங்கு போதாது, நாலு மடங்கு வேண்டும். மூன்றில் ஒன்றாக்க ஒன்பது மடங்கு. படத்தின் அழகு கொஞ்சம் கூடும்போது, பிள்ளை வாங்கும் கதிர் பலமாகக் கூடுகிறது.

பழைய பிலிம் எக்ஸ்ரேயில் ஒரு இயற்கையான கடிவாளம் இருந்தது. கதிரைக் கூடக் கொடுத்தால் பிலிம் கறுத்துப் போகும், படம் வீணாகும், கொடுத்தவருக்கு ஏச்சு விழும். சீ.ரி.யில் அந்தத் தண்டனை இல்லை. அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தால் படம் இன்னும் மழமழவென்று வரும், பார்ப்பவர் மெச்சுவார். தவறு செய்தவருக்கே பாராட்டுக் கிடைக்கும் ஏற்பாடு இது. உலகம் முழுவதும் குழந்தைகள் வேண்டியதைவிடக் கூடுதலாகக் கதிர் வாங்கியதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை என்பது என் எண்ணம்.

2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் கதிரியல் சஞ்சிகை ஒன்றில் அடுத்தடுத்து வந்த கட்டுரைகள் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. ஒன்றில் டேவிட் பிரென்னரும் கூட்டாளிகளும், சிறுவயதில் எடுக்கும் சீ.ரி.யால் பிற்காலத்தில் வரக்கூடிய புற்றுநோய் மரணங்களைக் கணக்கிட்டிருந்தார்கள். இன்னொன்று, பிள்ளையின் வயதுக்கும் உடல் அளவுக்கும் ஏற்ப இயந்திரத்தின் அமைப்புகள் மாற்றப்படுகின்றனவா என்று பார்த்தது. மாற்றப்படவில்லை. பெரியவருக்கு வைத்த அதே அளவைப் பச்சைக் குழந்தைக்கும் வைத்திருந்தார்கள். அங்கிருந்த பத்திரிகைகள் அதை முன்பக்கச் செய்தியாக்கின. 2008இல் 'இமேஜ் ஜென்ட்லி' என்ற பெயரில், குழந்தைக்கு மென்மையாகப் படமெடுங்கள் என்று கேட்கும் இயக்கம் தொடங்கியதற்கு வித்து அங்கேதான் விழுந்தது.

பெரியவரின் அளவைக் குழந்தைக்குக் கொடுப்பது எவ்வளவு வீண் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். சீ.ரி.யில் பயன்படும் கதிர், ஏறத்தாழ ஒவ்வொரு 4 சென்ரிமீற்றர் தசையைக் கடக்கும்போதும் பாதியாகிறது. பெரியவரின் வயிறு 30 சென்ரிமீற்றர் அகலம், கைக்குழந்தையின் வயிறு 15 என்று வைத்துக்கொள்வோம். அந்த 15 சென்ரிமீற்றர் குறைவுக்குள் நாலு தடவை பாதியாவது கிட்டத்தட்ட மிச்சமாகிறது. அதாவது, அதே எண்ணிக்கை ஃபோட்டான்கள் மறுபக்கம் வந்து சேர, குழந்தைக்குப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக அனுப்பினாலே போதும்.

நடைமுறையில் அவ்வளவு குறைக்க முடியாது. பெரியவர்களின் உடம்பில் உறுப்புகளுக்கு இடையே கொழுப்பு இருக்கும்; அது படத்தில் எல்லை பிரித்துக் காட்டும். குழந்தையின் வயிற்றில் அந்தக் கொழுப்பு இல்லை. குடலும் நிணநீர்க் கணுவும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். உறுப்புகளும் சிறியவை, மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பார்க்க வேண்டும். ஆகவே பெரியவர் படத்தில் பொறுத்துக்கொள்ளும் இரைச்சலைக் குழந்தை படத்தில் பொறுக்க முடியாது. மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு திருப்பிக் கொடுப்பது என்பதில்தான் ரேடியோகிராஃபரின் கைத்திறன் தெரியும்.

இப்போது அந்தக் கணக்குப் பக்கத்தின் 16, 32 என்ற குறிப்புக்கு வருவோம். சீ.ரி.டி.ஐ. என்பது உங்கள் பிள்ளையின் உடம்பில் அளந்த எண் இல்லை. 16 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பிளாஸ்ரிக் உருளை தலைக்குப் பதில். 32 சென்ரிமீற்றர் உருளை பெரியவரின் உடலுக்குப் பதில். அந்த உருளைக்குள் இதே அமைப்பில் எவ்வளவு கதிர் விழுந்திருக்கும் என்பதைத்தான் இயந்திரம் சொல்கிறது. பல இயந்திரங்கள் குழந்தையின் நெஞ்சு, வயிறு ஸ்கேனுக்கும் 32 சென்ரிமீற்றர் உருளையையே கணக்கில் எடுக்கும். மெலிந்த பிள்ளை வாங்கிய உண்மை அளவு அந்த எண்ணைவிட இரண்டு மடங்கைத் தாண்டலாம். இதைச் சரிசெய்ய, அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2011இல் உடல் அளவுக்கேற்ற திருத்தக் காரணிகளை வெளியிட்டது. எண் சிறிதாக இருக்கிறதே என்று ஆறுதல் அடைவதற்கு முன்னால் வரியின் கடைசியைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அதேபோல, டி.எல்.பி. ஒன்றாக இருந்தாலும் வயதுக்கு வயது பொருள் மாறும். தலை ஸ்கேனில் 505 என்று வந்தால், ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது ஏறக்குறைய 2 மில்லிசீவேர்ட் (உடம்பு முழுவதற்குமான பாதிப்பைக் கணிக்கும் அலகு). ஒரு வயதுக் குழந்தைக்கு அதே 505 ஏறக்குறைய 3.4. பெரியவருக்கு 1 மில்லிசீவேர்ட்டை ஒட்டித்தான்.

அந்த 505ஐ நான் சும்மா எடுக்கவில்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த சரவணகுமார், வைதேகி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில் வரும் எண் அது. தமிழ்நாட்டின் பல ஊர்களிலுமாக 30 சீ.ரி. இயந்திரங்கள், 3600 குழந்தைகள். ஒரு வயதுக்குக் கீழ், ஒன்று முதல் ஐந்து வயது என்று இரண்டு பிரிவு. இதிலிருந்து அவர்கள் ஒப்பீட்டு அளவு ஒன்றை எடுத்தார்கள். மையங்களைக் குறைந்த அளவிலிருந்து கூடிய அளவுக்கு வரிசைப்படுத்தினால் நாலில் மூன்று பங்கு மையங்கள் எந்த எண்ணுக்குக் கீழே நிற்கின்றனவோ, அந்த எண். அதற்கு மேலே நிற்கும் வைத்தியசாலை தன் இயந்திரத்தைத் திறந்து பார்க்க வேண்டும். சட்டம் போட்டுத் தடுக்கும் எல்லை இதில் கிடையாது. கதிரோடு வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு 20 மில்லிசீவேர்ட், பொதுமக்களுக்கு 1 என்று வரம்பு இருக்கிறது. நோயாளிக்கு வரம்பே கிடையாது. தேவையிருந்தால் தேவையான அளவு என்பதுதான் விதி. அந்தத் தேவையான அளவை யாராவது அளந்து பார்த்துச் சொன்னால்தானே தெரியும்?

தமிழ்நாட்டுக் கணக்கில் ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளையின் தலைக்கு 38 மில்லிகிரே, நெஞ்சுக்கு 8, வயிற்றுக்கு 14. ஐரோப்பிய அளவுகளோடு வைத்துப் பார்த்தபோது தலைக்குத் தமிழ்நாடு குறைவாக இருந்தது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் கூடுதலாக இருந்தது. இந்த முரண்தான் எனக்குச் சுவையாகப் பட்டது. குழந்தையின் தலை பெரியவரின் தலையைவிட அவ்வளவு சிறியதில்லை, ஸ்கேனும் அடிக்கடி நடக்கிறது, கை பழகியிருக்கிறது. நெஞ்சும் வயிறும் அப்படியில்லை. அங்கேதான் உடல் அளவு வித்தியாசம் பெரியது, அங்கேதான் பெரியவரின் அமைப்பு அப்படியே தங்கிவிடவும் வாய்ப்பு அதிகம். காரணம் இதுதான் என்று அந்த எண்கள் சொல்லவில்லை; என் ஊகம் இது.

இலங்கையில் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் கதிர்வீச்சை ஒழுங்குபடுத்த ஒரு தனிப் பேரவை இருக்கிறது. இயந்திரத்துக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது அதன் வேலை. ஆனால் ஒரு பிள்ளைக்கு எத்தனை கிலோவோல்ட் என்று தீர்மானிப்பது அந்த நேரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்தான்.

அவர் கையில் என்னென்ன இருக்கின்றன? முதலாவது கிலோவோல்ட். பெரியவருக்கு வழமையான 120ஐ 80ஆகக் குறைத்தால், மற்ற எதையும் மாற்றாவிட்டாலும் கதிர் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும். இரத்தக் குழாயில் அயோடின் மருந்து ஏற்றி எடுக்கும் படங்களில் இதில் இன்னொரு லாபமும் உண்டு. அயோடின் குறைந்த ஆற்றல் கதிரைத்தான் நன்றாகப் பிடிக்கும், ஆகவே 80இல் குழாய்கள் இன்னும் பளிச்சென்று தெரியும். இரைச்சல் கூடினாலும் பார்க்க வேண்டியது எடுப்பாக இருப்பதால் சமாளிக்கலாம். அடுத்தது மில்லிஆம்பியர். உடம்பின் தடிப்புக்கேற்ப இதைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி இன்றைய இயந்திரங்களில் இருக்கிறது. அதை நம்பலாம், ஆனால் ஒரு நிபந்தனை: பிள்ளை வளையத்தின் நட்டநடுவில் படுத்திருக்க வேண்டும். மேசை கொஞ்சம் உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் முன்னோட்டப் படத்தில் பிள்ளை உண்மையைவிடப் பெருத்தோ சிறுத்தோ தெரியும். பெருத்துத் தெரிந்தால் இயந்திரம் ஏமாந்து கூடக் கொடுக்கும். லேசர் கோட்டைப் பார்த்து மேசையை இரண்டு சென்ரிமீற்றர் இறக்குவதற்கு ஐந்து செக்கன் போதும், ஒரு சதம் செலவில்லை.

நீளமும் அப்படித்தான். நெஞ்சு ஸ்கேனை இரண்டு விரல் மேலே தொடங்கினால் தைரொய்ட் சுரப்பி உள்ளே வந்துவிடும். பெரியவருக்கு அந்த இரண்டு விரல் சிறு பங்கு. ஒரு சாண் நெஞ்சுள்ள குழந்தைக்கு அது பெரிய பங்கு. இதையெல்லாம்விடப் பெரிய விரயம், மருந்து ஏற்ற முன் ஒரு தடவை, ஏற்றிய பின் ஒரு தடவை என்று பழக்கத்தில் எடுப்பது. ஒரு தடவை போதுமான இடத்தில் இரண்டு தடவை எடுத்தால், மற்ற எல்லா மிச்சமும் ஒரே நொடியில் போய்விடும். அசைந்த பிள்ளையும் அதே விளைவைத்தான் தரும். படம் கலங்கும், திரும்ப எடுக்க வேண்டும், கதிர் இரட்டிக்கும். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்து, துணியில் இறுக்கிச் சுற்றி, உறங்கும் வரை பொறுத்து எடுக்கும் ரேடியோகிராஃபர் செய்வது கதிர்வீச்சுப் பாதுகாப்பு வேலைதான்.

மென்பொருளும் உதவுகிறது. கிடைத்த குறைந்த ஃபோட்டான்களிலிருந்து திரும்பத் திரும்பக் கணக்கிட்டு இரைச்சலைச் சலித்தெடுக்கும் முறைகள் வந்துவிட்டன. செயற்கை நுண்ணறிவில் இயங்குபவையும் உண்டு. ஒவ்வொரு ஃபோட்டானையும் தனித்தனியே எண்ணும் இயந்திரத்துக்கு 2021 செப்டெம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் எந்த மென்பொருளும் பதிவாகாத தகவலை உண்டாக்காது. அளவுக்கு மிஞ்சி மெருகேற்றினால் படம் மெழுகு பூசியது மாதிரி வரும். மங்கலான சிறு புண் அந்த மெழுகுக்குள் மறைந்துபோகும்.

ஆகவே எது போதுமான படம் என்பதைக் கேள்விதான் தீர்மானிக்க வேண்டும். மூளையில் நீர் கோர்த்து, குழாய் வைத்த பிள்ளைக்கு, நீரறைகள் பெருத்துவிட்டனவா என்று மட்டும் பார்க்க வேண்டும் என்றால் இரைச்சலான படமே தாராளம். அந்தப் பிள்ளைகளுக்கு வாழ்நாளில் பல தடவை ஸ்கேன் தேவைப்படுவதால் இங்கே குறைப்பது மிகவும் பெறுமதியானது. நுரையீரலில் காற்றும் திசுவும் இயல்பாகவே வெளிச்சமும் இருளுமாகப் பிரிந்து நிற்கின்றன, அங்கேயும் குறைக்கலாம். ஈரலில் ஒரு சிறு கட்டி, பின்மூளையில் ஒரு மெல்லிய இரத்தக் கசிவு என்றால் கதை வேறு. அங்கே சாயல் வித்தியாசம் மிகக் குறைவு. கஞ்சத்தனம் பிடித்தால் நோய் தவறிப்போகும், அல்லது திரும்ப எடுக்க வேண்டிவரும். 'முடிந்தளவு குறைவாக' என்ற சுலோகத்தைச் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்ல மறக்கிறார்கள். பயன்படாத படத்துக்குக் கொடுத்த கதிர், எவ்வளவு சிறிதானாலும், முழுக்க வீண்.

பயப்பட வேண்டிய அளவு என்ன? 2012இல் லான்செட் சஞ்சிகையில் வந்த பிரித்தானிய ஆய்வு ஒன்றே முக்கால் இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தது. குழந்தைப் பருவத்தில் சீ.ரி. எடுத்தவர்களில் எலும்பு மச்சைக்குப் போய்ச்சேர்ந்த கதிர் கூடக் கூட இரத்தப் புற்றுநோயும், மூளைக்குப் போனது கூடக் கூட மூளைக் கட்டியும் கூடுவது அதில் தெரிந்தது. பத்து வயதுக்குக் குறைந்த 10,000 பிள்ளைகளுக்குத் தலை ஸ்கேன் எடுத்தால், அடுத்த பத்து ஆண்டுகளில் மேலதிகமாக ஒரு இரத்தப் புற்றுநோய், ஒரு மூளைக் கட்டி என்பது அதன் மதிப்பீடு. ஏற்கெனவே நோய் இருந்ததால்தான் ஸ்கேன் எடுத்திருப்பார்கள் என்ற ஐயம் எழுந்தது. 2023இல், ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் ஏறக்குறைய ஒன்பதரை இலட்சம் பேரைக் கொண்ட இன்னொரு பெரிய ஆய்வு வந்தது. அதுவும் அதே பக்கம்தான் கை காட்டியது: 10,000 பிள்ளைகளுக்கு, அடுத்த 12 ஆண்டுகளில் ஒன்று அல்லது இரண்டு மேலதிக இரத்தப் புற்றுநோய்கள்.

கதிர் ஸ்கேனில் மட்டும் இல்லை, மண்ணிலும் உண்டு. இறக்கக்கண்டிக்கு வடக்கே குச்சவெளி தாண்டினால் புல்மோட்டை. அங்கே கடற்கரையில் அள்ளும் கரிய இல்மனைட் மணலோடு கதிர்வீசும் மோனசைட்டும் கொஞ்சம் கலந்திருக்கிறது. கேரளத்தின் கருநாகப்பள்ளியில் இது மிக அதிகம். அங்கே ஏறக்குறைய 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தும் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009இல் அறிவித்தார்கள். உலகச் சராசரிப்படி இயற்கையே நம் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவேர்ட் கொடுக்கிறது. ஒரு தலை ஸ்கேன் அதற்குக் கிட்டத்தட்டச் சமம் என்று சொல்லிப் பெற்றோரைத் தேற்றுவது வழக்கம். தேற்றலாம், பொய்யில்லை. ஆனால் மணல் ஆண்டு முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பதை ஸ்கேன் சில செக்கன்களில் கொடுக்கிறது. வாங்குவது, கலங்கள் வேகமாகப் பிரிந்து வளரும், இன்னும் எழுபது ஆண்டு வாழ வேண்டிய உடம்பு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

ஈயக் கவசம் போடச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. சீ.ரி.யில் அதற்குப் பெரும்பாலும் பயனில்லை. சிதறும் கதிரின் பெரும்பகுதி உடம்புக்குள்ளேயே பரவுகிறது. கவசம் படத்துக்குள் வந்துவிட்டால், தானியங்கி அமைப்பு அதைத் தடித்த உடம்பு என்று எண்ணிக் கதிரைக் கூட்டிவிடும். அதைவிட, முந்தைய படங்களைப் பத்திரமாக வைத்திருப்பதே பெரிய கவசம். ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது வட்டு கூடப் போகாததால் அதே ஸ்கேனைத் திரும்ப எடுக்க நேர்வதுண்டு. தடுப்பூசி விவரம் எழுதும் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டிலேயே திகதி, உடல் பகுதி, டி.எல்.பி. எண் என்று ஒரு வரி எழுதச் சொல்லலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஸ்கேன் வேண்டுமா என்ற கேள்வி இருக்கிறது. வட அமெரிக்காவில் 25 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் தலையில் அடிபட்டு வந்த 42,412 பிள்ளைகளைப் பார்த்து, 2009இல் ஒரு வழிகாட்டி உருவானது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை நினைவு தவறவில்லை, வாந்தி இல்லை, கடும் தலைவலி இல்லை, தெளிவாகப் பேசுகிறது, மண்டையடி எலும்பு உடைந்ததற்கான அறிகுறி இல்லை, விழுந்த விதமும் கடுமையானதில்லை என்றால், ஆபத்தான மூளைக் காயம் இருப்பதற்கான வாய்ப்பு 2,000இல் ஒன்றுக்கும் குறைவு. ஸ்கேன் வேண்டாம். மாமரம் இதில் தப்பாது. ஐந்து அடிக்கு மேலிருந்து விழுந்தாலே கடுமையான விழுகை என்ற கணக்கில் சேர்ந்துவிடும். ஆனால் வேறு அறிகுறி ஒன்றும் இல்லாமல் உயரம் மட்டுமே காரணமென்றால், உடனே படம் எடுப்பதற்குப் பதிலாகச் சில மணி நேரம் கண்காணித்துப் பார்க்கலாம் என்கிறது வழிகாட்டி.

இந்தக் கண்காணிப்பை நகரத்துக்காரர் வீட்டிலேயே செய்யலாம். இறக்கக்கண்டிக்காரர் செய்யக்கூடாது. இரவு பதினொரு மணிக்குப் பிள்ளை வாந்தியெடுத்தால் வாகனம் தேடி, திருகோணமலை போய்ச் சேரும்போது பெறுமதியான நேரம் போயிருக்கும். தூர ஊர்ப் பிள்ளையை வார்டில் வைத்தே பார்க்க வேண்டும்; கட்டில் இல்லையென்று அனுப்பினால், பட்டணத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கச் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப எழுப்ப மயங்கிக் கிடப்பது, வலிப்பு, ஒரு கை கால் சோர்வது, பேச்சுக் குழறுவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் கதிரைப் பற்றித் தகப்பன் கவலைப்படத் தேவையில்லை. கிலோவோல்ட்டைப் பற்றி ரேடியோகிராஃபர் கவலைப்பட்டால் போதும்.